'தி' என்ற இரண்டாம் பெயர்: பிரெஞ்சுக் கனடிய முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு

கிரயப் பத்திரத்தில் "முருகன் (எ) சின்னையா" என்று எழுதுவார்கள். சான்றிதழில் ஒரு பெயர், ஊர் வாயில் ஒரு பெயர். இரண்டும் ஒரே ஆள் என்று சொல்ல அந்த 'எ' போதும். கனடாவின் கியூபெக் மாகாணத்துப் பழைய தேவாலயப் பதிவேடுகளில் இதே வேலையைச் செய்கிற சொல் ஒன்று இருக்கிறது. எழுத்தில் டி-ஐ-டி என்று மூன்றெழுத்து. கடைசி எழுத்துக்கு ஒலி கிடையாது, ஆகவே வாயில் 'தி'. 'என்று அழைக்கப்படுகிறவன்' என்பது பொருள். பெண் என்றால் கடைசியில் ஓர் 'இ' சேர்ந்து 'தீத்' ஆகும்.

நம் 'எ' அந்த ஆளோடு முடிந்துவிடும். அவர்களுடைய 'தி' அப்படியில்லை. அது மகனுக்கும் பேரனுக்கும் இறங்கும். ஒரு கிளை முதல் பெயரை வைத்துக்கொள்ளும், இன்னொரு கிளை இரண்டாவதை. மூன்றாவது கிளை இரண்டையும் உதறிவிட்டுப் புதிதாக ஒன்றைச் சூட்டிக்கொள்ளும். அதனால் குடும்பப் பெயரைத் தேடல் பெட்டியில் போட்டு ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போகலாம் என்று இறங்கினால், பெரும்பாலும் 1800-க்கு முன்னால் எங்கோ வழி அடைபட்டு நிற்பீர்கள். பிடித்துக்கொண்டு போக வேண்டியது தம்பதியை. கணவன், மனைவி, அவர்கள் கல்யாணம் செய்த பங்கு (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) ஆகிய மூன்றும் சேர்ந்தால் பெயர் எப்படி மாறியிருந்தாலும் ஆள் தப்ப மாட்டார்.

கையில் கிடைக்கும் பதிவேடுகள்

பிரெஞ்சுக் கடலோடி சாம்ப்ளேன் 1608-இல் கியூபெக் நகரை நிறுவினார். துருவா ரிவியேர் 1634-இல், மாண்ட்ரியல் 1642-இல். 1763-இல் பாரிஸ் ஒப்பந்தப்படி பிரிட்டனிடம் கைமாறும்வரை இது பிரான்சின் குடியேற்றமான நியூ பிரான்ஸ். ஆட்சி மாறினாலும் பதிவேடு நிற்கவில்லை. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பங்குச் சாமியார் எழுதுவார். அரசும் அதையே பிறப்பு இறப்புப் பதிவாக ஏற்றுக்கொள்ளும். இந்த முறை 1990-களின் தொடக்கம் வரை ஓடியது. உலகத்தில் இத்தனை நீளமாக, இத்தனை குறைவான ஓட்டைகளோடு பதிவேடு கிடைக்கிற இடம் அரிது.

ஓட்டையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1640-இல் கியூபெக் நகரின் தேவாலயம் எரிந்தபோது அதுவரை எழுதிய ஏடுகளும் போயின. பிறகு ஊர்க்காரர்களின் நினைவைக் கொண்டு திரும்ப எழுதினார்கள். 1640-க்கு முந்தைய தேதிகளை இதை மனத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பதிவேடு இரண்டு பிரதியாக எழுதப்பட்டது: ஒன்று தேவாலயத்துக்கு, மற்றொன்று நீதிமன்றத்துக்கு. வம்சாவளி ஆய்வு செய்த துருவேன் நிறுவனம் 1940-களில் மைக்ரோஃபிலிம் எடுத்தது பெரும்பாலும் நீதிமன்றப் பிரதி. ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் தேவாலயப் பிரதி. ஒன்றைப் பார்த்து இன்னொன்றை எழுதியதால் இரண்டுக்கும் வித்தியாசம் வரும்: ஒன்றில் 'தி' பெயர் இருக்கும், மற்றதில் இருக்காது, ஒன்றில் தாயின் பெயர் விட்டுப்போயிருக்கும். மை ஊறி வாசிக்க முடியாத பக்கம் வந்தால் அடுத்த பிரதியைத் திறந்து பாருங்கள்.

மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் 1966-இல் தொடங்கிய பிஆர்டிஎச் என்ற மக்கள்தொகை வரலாற்றுத் திட்டம் இந்த ஏடுகளைக் குடும்பம் குடும்பமாகக் கோத்து வைத்திருக்கிறது; பழைய காலத்துக்கு அதைவிட நம்பகமான கருவி இல்லை. கட்டணம் உண்டு. அச்சு நூல்களில் தாங்கேயின் ஏழு தொகுதி வம்சாவளி அகராதி (1871–1890) முன்னோடி, ஆனால் பிழை நிறைய. ரெனே ஜெத்தே 1983-இல் வெளியிட்டது 1730 வரை மட்டும் போகும், ஆனால் கறாரானது. இரண்டும் முரண்பட்டால் ஜெத்தே பக்கம் நில்லுங்கள். பிறகு மூல ஏட்டைப் பாருங்கள்.

கல்யாணத்திலிருந்து கல்யாணத்துக்கு

ஞானஸ்நானப் பதிவில் பெற்றோர் பெயர் இருக்கும். ஆனால் அந்தக் குழந்தை வளர்ந்து உங்கள் ஆளானதா, மூன்றாம் மாதத்தில் இறந்ததா என்று அது சொல்லாது. திருமணப் பதிவு அப்படியில்லை. மணமகனின் தாய் தகப்பன், மணமகளின் தாய் தகப்பன் என்று நான்கு பேரை ஒரே பத்தியில் கொடுத்துவிடும். அதிலும் ஒரு பெரிய வசதி: பெண்கள் கல்யாணமான பிறகும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே ஏட்டில் இருப்பார்கள், சாகும்வரை. ஆங்கிலேயப் பதிவேடுகளில் தாய்வழி தொலைந்துபோகும் இடத்தில் இங்கே தாய்வழி அப்படியே நிற்கிறது.

ஆகவே வரிசை இது. தெரிந்த கடைசித் தம்பதியின் திருமணப் பதிவை எடுங்கள். அதில் உள்ள இரண்டு ஜோடிப் பெற்றோரின் திருமணங்களைத் தேடுங்கள். அவர்களுடைய பெற்றோர், பிறகு அவர்களுடைய பெற்றோர். ஒவ்வொருவருக்கும் ஸோஸா எண் போட்டுக்கொண்டால் குழப்பம் வராது: நீங்கள் 1, தகப்பன் 2, தாய் 3, யாருடைய எண்ணையும் இரட்டித்தால் அவர் தகப்பன், அதோடு ஒன்று கூட்டினால் தாய். பத்து, பன்னிரண்டு தலைமுறையில் கப்பலிலிருந்து இறங்கிய ஆளிடம் வந்து சேர்வீர்கள்.

ஒரு திருமணப் பதிவு எப்படி இருக்கும் என்று பார்ப்போம். முதலில் தேதி, எழுத்தால். பிறகு "மூன்று ஞாயிறு பூசைகளில் அறிவிப்பு வாசித்து, தடை எதுவும் வராததால்" என்ற வாசகம். சில சமயம் ஒன்றிரண்டு அறிவிப்புக்கு விலக்கு வாங்கியிருப்பார்கள். அடுத்து மணமகன்: பெயர், தொழில், இன்னாருக்கும் இன்னாருக்கும் மகன், இந்தப் பங்கு அல்லது வேறு பங்கு. "மறுபக்கத்தில்" என்று சொல்லி மணமகள், அதே வரிசையில். சாட்சிகள், பல சமயம் உறவுமுறையோடு: மணமகனின் சித்தப்பா, மணமகளின் அக்காள் கணவர். கடைசியில் யார் கையெழுத்துப் போட்டார்கள், யார் "போடத் தெரியாது என்று அறிவித்தார்கள்" என்ற வரி.

இதில் கண் வைக்க வேண்டிய இடங்கள் நான்கு. ஒன்று, தகப்பன் பெயருக்கு முன்னால் 'ஃபே' என்ற சிறு சொல். காலஞ்சென்ற என்று பொருள். அது இருந்தால் தகப்பனின் அடக்கம் அந்தத் தேதிக்கு முன்னால். இல்லை என்பதற்காக உயிரோடு இருந்தார் என்று முடிவுகட்டக் கூடாது, சாமியார் மறந்திருக்கலாம். இரண்டு, வயது வந்தவரா இல்லையா என்ற குறிப்பு. பிரெஞ்சு ஆட்சியில் வயது வருவது 25. 1783 முதல் 21. 'வயது வராத மகன்' என்று இருந்தால் பிறந்த வருஷத்துக்கு ஓர் எல்லை கிடைத்துவிடும். மூன்று, விதவை அல்லது மனைவியை இழந்தவர் என்றால் பெற்றோர் பெயர் வராது. இறந்துபோன துணையின் பெயர்தான் வரும். புதிதாகத் தேடுகிறவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். அப்போது முதல் கல்யாணத்தைத் தேடிப் போக வேண்டும். பெற்றோர் அங்கே இருப்பார்கள். மூன்று முறை மணந்தவர் என்றால் இரண்டு படி பின்னால்.

நான்காவது, உறவுத் தடை விலக்கு. கூடப் பிறந்தவர்கள் முதல் படி, அவர்களுடைய பிள்ளைகள் இரண்டாம் படி, பேரப்பிள்ளைகள் மூன்றாம் படி, கொள்ளுப்பேரர்கள் நான்காம் படி என்று திருச்சபை எண்ணியது. நான்காம் படி வரை தடை. நம்மூரில் உரிமையோடு கேட்கிற மாமன் மகள் அங்கே இரண்டாம் படி. சிறப்பு அனுமதி இல்லாமல் நடக்காது. "மூன்றுக்கு நான்காம் படி விலக்கு" என்று எழுதியிருந்தால், பொது முன்னோரின் பிள்ளைகளிடமிருந்து எண்ண வேண்டும்: ஒருவர் மூன்றாவது, மற்றவர் நான்காவது. நீங்கள் போட்ட வம்சாவளியில் அந்தப் பொது முன்னோர் சரியாக அந்த இடத்தில் வந்தால் உங்கள் வேலை சரி. வராவிட்டால் எங்கோ தவறான ஆளை ஒட்டியிருக்கிறீர்கள். இதைவிட நல்ல தணிக்கை கிடையாது, பணமும் ஆகாது.

மாதத்தின் சுருக்கெழுத்து ஒரு பொறி. எண் 7 போட்டு 'ப்ர்' என்று சேர்த்திருந்தால் ஜூலை இல்லை, செப்டம்பர். அந்த மாதப் பெயருக்குள்ளேயே 'ஏழு' இருக்கிறது. 8 அக்டோபர், 9 நவம்பர், 10 அல்லது ரோமன் எக்ஸ் டிசம்பர். இணையத்து வம்சாவளி மரங்களில் ஆகஸ்டில் பிறந்து முந்திய மாதமே ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகள் இருக்கிறார்கள் என்றால் இதுதான் காரணம். ஞானஸ்நானம் பிறந்த அன்றோ மறுநாளோ நடக்கும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் கல்யாணம் கிடையாது. அதனால் ஜனவரி, பிப்ரவரி, அக்டோபர், நவம்பர் பக்கங்களை முதலில் புரட்டுங்கள்.

'தி' எங்கிருந்து வந்தது

பெரிய ஊற்று ராணுவம். 1665-இல் காரிஞான் சாலியேர் என்ற பிரெஞ்சுப் படைப்பிரிவு சுமார் 1,200 பேரோடு வந்தது. சுமார் 400 பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள். படையில் சேரும்போது ஒவ்வொருவனுக்கும் ஒரு போர்ப்பெயர் ஒட்டும். லாஃப்ளர் என்றால் பூ, சான்சூசி கவலையில்லாதவன், லாஜெனெஸ் இளமை, த்ரான்ஷ்மோந்தாஞ் மலையை வெட்டுகிறவன். ழான் கசவான் என்பவனுக்கு லாதெபோஷ், அதாவது கூத்தடிப்பு, என்று வைத்தார்கள். அதுவும் பிள்ளைகளுக்கு இறங்கியது. பட்டாளத்துக் குசும்பு முந்நூறு ஆண்டு வாழ்ந்திருக்கிறது.

இந்தப் பெயர்கள் ஒரு குடும்பத்துக்குச் சொந்தமில்லை. படையின் ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரு லாஃப்ளர் இருந்தான். ஆகவே லாஃப்ளர் என்ற பெயருள்ள இரண்டு பேர் உறவு என்று நினைப்பது, இரண்டு 'கருப்பன்'கள் பங்காளிகள் என்று நினைப்பதைப் போல.

அடுத்த ஊற்று சொந்த மாகாணம். ஆன்ஜூவிலிருந்து வந்தவன் லாஞ்வேன், பிகார்டியிலிருந்து பிகார், நார்மண்டியிலிருந்து நோர்மான். சேன்தோன்ஜ் மாகாணத்திலிருந்து வந்தவர்கள் அந்தப் பெயரையே தாங்கினார்கள். காதில் கேட்டு எழுதியவர்கள் அதை 'புனித ஓன்ஜ்' என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். அப்படி ஒரு புனிதர் கிடையாது. மாகாணப் பெயர் துப்பாக உதவும், ஆனால் ஊரையே சொல்லிவிடாது.

மூன்றாவது ஊற்று நிலமும் வீடும். ஒரே ஊரில் அண்ணன் தம்பி பிள்ளைகள் பெருகி, ஐந்து பேருக்கு ஒரே பெயர் என்று ஆகும்போது பிரித்துச் சொல்ல ஏதாவது வேண்டும். கியூபெக்கின் பாதிஸ்கான் ஊரில் குடியேறிய நிக்கோலா, ரோபேர் என்ற ரிவார் சகோதரர்களின் வழியில் லாவீஞ், லாகூர்சியேர், லானுவெத், பிரெவில், லோரான்ஜே என்று பெயர்கள் கிளைத்தன. இன்று லாகூர்சியேர் என்றும் லோரான்ஜே என்றும் இருப்பவர்கள் ஒரே குடும்பத்து இரண்டு சகோதரர்களின் வாரிசுகளாக இருக்கலாம். பெயரில் அதற்கு ஒரு தடயமும் இல்லை.

கனடாவின் பிரதமராக 1896 முதல் 1911 வரை இருந்த வில்ஃப்ரிட் லோரியேயின் குடும்பத்தைப் பாருங்கள். குடியேறிய முன்னோர் பிரான்சுவா கொத்தினோ 'தி' ஷாம்லோரியே, 1670-களில் மாண்ட்ரியலில் மணந்தவர். அடுத்தடுத்த தலைமுறைகளில் ஷாம் உதிர்ந்தது. கொத்தினோ 'தி' லோரியே ஆனது. பிறகு கொத்தினோவும் உதிர்ந்து லோரியே மட்டும் மிஞ்சியது. லோரியே என்று மட்டும் தேடிக்கொண்டு பின்னால் போனால் ஓர் இடத்தில் மண்ணிலிருந்து முளைத்த மனிதன் போல ஒருவர் நிற்பார்.

எப்படிச் சமாளிப்பது? ஒவ்வொரு முன்னோருக்கும் ஒரு தனித் தாள் போடுங்கள். அவர் தோன்றும் ஒவ்வொரு ஆவணத்திலும் (சொந்த ஞானஸ்நானம், கல்யாணம், பிள்ளைகள் ஒவ்வொருவரின் ஞானஸ்நானம், பிள்ளைகளின் கல்யாணம், அடக்கம்) பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று எழுத்து மாறாமல் பதியுங்கள். ஏழெட்டுப் பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்தாலே ஏதோ ஒன்றில் இரண்டு பெயரும் சேர்ந்து வந்துவிடும். அந்த ஒன்றுதான் பாலம். பெயர்கள் தலைகீழாகவும் வரும்: மிவில் 'தி' தெஷேன் என்பது அடுத்த பதிவில் தெஷேன் 'தி' மிவில். 'தி' என்ற சொல்லே இல்லாமல் இரண்டும் ஒட்டியும் வரும்.

தேடல் பெட்டியில் குடும்பப் பெயரை நீக்கிவிட்டு, கணவனின் முதற்பெயர், மனைவியின் முழுப்பெயர், பங்கு, பத்து வருஷ இடைவெளி என்று போட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் மனைவியின் குடும்பப் பெயரையும் எடுத்துவிடுங்கள். அவளுக்கும் ஒரு 'தி' இருக்கும். கிடைத்தாலும் ஒரே ஜோடியைப் போலத் தோன்றும் வேறு ஜோடி அந்தப் பங்கில் இல்லை என்று உறுதி செய்த பிறகே ஒட்டுங்கள்.

எழுத்துக்கூட்டலைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். எழுதியவர் சாமியார், சொன்னவருக்கு எழுதத் தெரியாது. 1634-இல் பிரான்சின் பெர்ஷ் பகுதியிலிருந்து வந்த தச்சர் ஸக்காரி க்ளூத்தியே ஒப்பந்தங்களில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு கோடாரியை வரைந்தார். (1800-க்குள் அவருக்கு 10,850 வாரிசுகள் என்று பிஆர்டிஎச் கணக்கிட்டது, உங்கள் மரத்திலும் அவர் வருவார், பெரும்பாலும் ஒருமுறைக்கு மேல்.) அவரோடு வந்த ழான் கியோனின் பெயர், உச்சரிப்பு வழுக்கி, பல கிளைகளில் தியோன் ஆகிவிட்டது. ஆகவே கண்ணால் ஒப்பிடாதீர்கள். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

முதற்பெயருக்கும் முறை உண்டு

"மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர்" என்கிற மாதிரி நிலையான வரிசை இங்கே இல்லை. வேறு நாட்டுக் குடும்பங்களுக்கு எழுதிய வழிகாட்டியைப் படித்துவிட்டு அந்த விதியை இங்கே பொருத்தி, இல்லாத தாத்தாக்களை உண்டாக்கியவர்கள் நிறையப் பேர். குழந்தைக்குப் பெயர் பெரும்பாலும் ஞானத்தகப்பனிடமிருந்தோ ஞானத்தாயிடமிருந்தோ வரும். அவர்கள் தாத்தா பாட்டி, மாமன், அத்தை, அண்டை வீட்டார் என்று யாராகவும் இருப்பார்கள். அதனால் ஞானஸ்நானப் பதிவில் அந்த இரண்டு பேரை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். ஒரு தாயின் குடும்பப் பெயர் தெரியாமல் நிற்கும்போது, முதல் இரண்டு பிள்ளைகளுக்கு ஞானப்பெற்றோராக நின்றவர்களின் பெயர்தான் பிறந்த வீட்டுக்குக் கொண்டுபோய் விடும்.

ஒரு குழந்தை இறந்தால் அடுத்த குழந்தைக்கு அதே பெயர் வைப்பது சாதாரணம். 1712-இல் பிறந்த பியேரும் 1715-இல் பிறந்த பியேரும் ஒரே வீட்டில் வந்தால், இடையில் ஓர் அடக்கப் பதிவைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் இரண்டு பியேரும் உயிரோடு இருந்திருக்கவும் கூடும், அதுவும் நடந்திருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டில் ஆண் பிள்ளை எல்லோருக்கும் முன்னால் ஜோசப், பெண் பிள்ளை எல்லோருக்கும் முன்னால் மரி என்று போடும் பழக்கம் பரவியது. அடுத்து ஞானப்பெற்றோரின் பெயர். கடைசியில் வீட்டில் கூப்பிடும் பெயர். ஏட்டில் ஜோசப் லூயி நெப்போலியன் என்றிருப்பவரை ஊரில் நெப்போலியன் என்றால்தான் தெரியும். எட்டு ஜோசப்புகள் ஒரே வீட்டில் என்று திகைக்க வேண்டாம்.

எலிசபெத்தும் இசபெல்லும் ஒரே பெயராகவே நடமாடின. ஒரே பெண் கல்யாணத்தில் எலிசபெத், அடக்கத்தில் இசபெல். பிரான்சுவாஸ் என்பவள் ஃபான்ஷோன், ஜெனவியேவ் என்பவள் ஜவோத். பிறந்த கையோடு உயிர் ஊசலாடிய குழந்தைக்கு மருத்துவச்சியே அவசர ஞானஸ்நானம் கொடுத்துவிடுவாள். அப்படிப்பட்டவை 'பெயரில்லாத குழந்தை' என்று அடக்கப் பதிவில் மட்டும் இருக்கும்.

இறந்தவரின் வயதை அப்படியே நம்பாதீர்கள். 'சுமார்' என்ற சொல் முன்னால் நிற்கும். கிழவர்களுக்குப் பத்து வருஷம்கூடக் கூட்டிச் சொல்வார்கள்.

பதிவு கிடைக்காவிட்டால்

முதலில் தாய்ப்பங்கைப் பாருங்கள். ஒரு கிராமத்துக்குத் தனித் தேவாலயம் வருவதற்கு முன்னால் அந்த ஊர்க்காரர்கள் ஆற்றின் மேலோ கீழோ இருந்த பழைய பங்குக்குப் போயிருப்பார்கள். எந்தப் பங்கின் ஏடு எந்த வருஷம் தொடங்குகிறது, அது எதிலிருந்து பிரிந்தது என்ற இரண்டும் தெரிந்தால் பாதிச் சுவர்கள் இடிந்துவிடும். கல்யாணம் வழக்கமாக மணமகளின் பங்கில் நடக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பிறகு நோட்டரி, அதாவது ஒப்பந்தங்களை எழுதிப் பாதுகாக்கும் அதிகாரி. இது தனிச் சுரங்கம். பெரும்பாலோர் இதன் பக்கமே போவதில்லை. பாரிஸ் வழக்காறு என்ற சட்டம் அங்கே நடைமுறையில் இருந்தது: கணவன் மனைவி சொத்து பொது, பிள்ளைகளுக்குச் சம பங்கு. ஆகவே கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் நோட்டரியிடம் ஒப்பந்தம் எழுதுவார்கள். தேவாலயப் பதிவு தொலைந்த இடத்தில் இந்த ஒப்பந்தம் மட்டும் தப்பியிருக்கும். பெற்றோர் பெயர், சொந்த ஊர் எல்லாம் அதில் உண்டு. ஆனால் ஒப்பந்தம் எழுதியதாலேயே கல்யாணம் நடந்தது என்று ஆகாது. ஒருவனோடு எழுதி, ரத்து செய்து, வேறொருவனோடு எழுதிய பெண்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு பிள்ளைகள் பிறந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஒருவர் இறந்து துணை மறுமணம் செய்யப் போகும்போது வீட்டுச் சாமான்களைக் கணக்கெடுப்பார்கள். எத்தனை கரண்டி, எத்தனை பசு, எந்த நிலம், யாருக்குக் கடன் என்று எல்லாம் அதில் வரும். கூடவே உயிரோடிருக்கும் பிள்ளைகளின் பெயரும் வயதும். வயது வராத பிள்ளைகளுக்குக் காப்பாளர் நியமிக்க உறவினர்கள் கூடிய பதிவும் இருக்கும். யார் தந்தை வழி, யார் தாய் வழி என்று அதில் எழுதியிருப்பார்கள். 'தி' சிக்கல் அவிழ்வது பல சமயம் இந்த இரண்டில்தான், ஏனென்றால் சொத்து விஷயத்தில் நோட்டரி ஒருவரின் எல்லாப் பெயரையும் எழுதியாக வேண்டும். பிரெஞ்சு ஆட்சிக்கால நோட்டரி ஆவணங்களுக்குப் பார்ஷ்மேன் என்ற அட்டவணை இருக்கிறது. மூலப் படங்கள் பல கியூபெக் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் கிடைக்கின்றன. கையெழுத்து கொடூரமாக இருக்கும். ஒரே நோட்டரியின் பத்து ஒப்பந்தங்களை வாசியுங்கள். வாசகம் எல்லாவற்றிலும் ஒன்றே என்பதால் பதினொன்றாவது தானாகப் புரியும்.

கணக்கெடுப்புகள் துணைக்கு. 1666-இல் இந்தெந்தன், அதாவது அரசரின் நிர்வாக அதிகாரி, ழான் தலோன் எடுத்ததில் 3,215 பேர். விடுபட்டவர்கள் உண்டு, அதனால் 1667-இல் மறுபடி எடுத்தார்கள். 1681 கணக்கில் வயது, துப்பாக்கி, மாடு, பயிரிட்ட நிலம் வரை இருக்கிறது.

எல்லை தாண்டிய பெயர்கள்

1840 முதல் 1930 வரை சுமார் 9 லட்சம் பேர் கியூபெக்கை விட்டு அமெரிக்காவுக்குப் போனார்கள். லோவெல், மான்செஸ்டர், வூன்சாக்கெட், லூயிஸ்டன் போன்ற ஆலை நகரங்களுக்கு. அங்கே பெயர்கள் மூன்று விதமாக மாறின. மொழிபெயர்த்தது: புவாவேர் கிரீன்வுட் ஆனார், ருவா கிங் ஆனார், லெவெக் பிஷப் ஆனார். கூர்த்மான்ஷ் என்பவர் ஷார்ட்ஸ்லீவ் ஆனார். சொல்லுக்குச் சொல் 'குட்டைக் கை'. காதில் விழுந்தபடி எழுதியது: பெனுவா பென்வே, அர்ஷாம்போ ஷாம்போ. மூன்றாவது, இரட்டைப் பெயரில் ஒன்றைக் கைவிட்டது. அதிலும் மிஞ்சிய பாதியை மொழிபெயர்த்திருந்தால் இரண்டு பூட்டு.

ஆங்கிலம் பேசும் அதிகாரியின் ஏட்டைவிட அந்த நகரத்துப் பிரெஞ்சுப் பங்கின் திருமணப் பதிவைத் தேடுங்கள். அங்கே எழுதியவர் பிரெஞ்சுச் சாமியார். கிங் அங்கே ருவாவாகவே இருப்பார், கியூபெக்கில் உள்ள பெற்றோரின் பங்கும் எழுதியிருக்கும். உங்கள் ஆளுடையது கிடைக்காவிட்டால் அண்ணன் தங்கைகளுடையதைத் தேடுங்கள்.

மாறுதல் எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. 1704-இல் நியூ இங்கிலாந்திலிருந்து சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட மத்தையஸ் ஃபார்ன்ஸ்வர்த் கியூபெக்கிலேயே தங்கி ஃபனெஃப் ஆனார். ஜொசையா ரைசிங், இன்யாஸ் ரெசேன் ஆனார். பிரான்சில் ஃபனெஃப் குடும்பத்தைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

கடலைத் தாண்டும்போது

குடியேறியவரின் திருமணப் பதிவிலோ ஒப்பந்தத்திலோ பிரான்சில் உள்ள பங்கும் மறைமாவட்டமும் எழுதியிருக்கும். அந்தப் பெயரை இன்றைய வரைபடத்தில் தேட வேண்டாம். முதலில் பழைய மாகாணம், பிறகு இன்றைய தெபார்த்மான் (நம் மாவட்டம் போன்றது), பிறகு அதன் ஆவணக் காப்பகத் தளம். நார்மண்டி, பெர்ஷ், புவாத்து, ஓனிஸ், சேன்தோன்ஜ், பாரிஸ் சுற்றுவட்டம் ஆகியவை அதிகம் வரும் இடங்கள். ஃபிஷியே ஒரிஜின் என்ற இலவசத் தளம் பிரான்சில் கண்டுபிடிக்கப்பட்ட பதிவுகளைத் தொகுத்து வைத்திருக்கிறது. நேரே ஏடுகளுக்குள் குதிக்கும் முன் அதைப் பாருங்கள், வேறொருவர் அந்த வேலையை முடித்திருக்கலாம்.

பிரான்சில் 'தி' பெயரைத் தேடாதீர்கள். போர்ப்பெயர் பட்டாளத்தில் பிறந்தது; ஞானஸ்நான ஏட்டில் இருக்காது. பெயரும் வயதும் பொருந்துவதால் மட்டும் ஒரு பையனை ஒட்டிவிடாதீர்கள். தாய் தகப்பன் இருவரும் பொருந்த வேண்டும்.

1663 முதல் 1673 வரை அரசர் செலவில் வந்த சுமார் 800 பெண்களை 'அரசரின் மகள்கள்' என்பார்கள். திருமண ஒப்பந்தத்தில் அரசர் தந்த 50 லிவ்ர் (அக்காலப் பிரெஞ்சுப் பணம்) சீதனம் குறித்திருந்தால் நல்ல சான்று. குறிப்பு இல்லாததால் அவள் அந்தக் கூட்டத்தில் இல்லை என்று ஆகாது. 1663-க்கு முன் வந்தவர்களையும் இந்தப் பட்டத்தில் சேர்ப்பது இணைய மரங்களின் நிரந்தர வியாதி. பெயருக்கு நடுவில் 'து' (இன்ன ஊரைச் சேர்ந்த என்று பொருள்) வந்தால் பிரபு வம்சம் என்பதும் அதே வகை. பெற்றோர் பெயர் கிடைக்காத பெண்ணையெல்லாம் பூர்வகுடிப் பெண் என்று எழுதிவிடுவது இன்னொன்று. ஏட்டில் ஆதாரம் இல்லாமல் அப்படி எழுத ஒருவருக்கும் உரிமை இல்லை.

வேண்டுமென்றே பெயரை மறைத்தவர்களும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ஜாக் கெரவாக்கின் முன்னோர் 1732-இல் கியூபெக்கின் காப் சேன்-இன்யாஸில் மணந்தார். கியூபெக் ஆவணங்களில் அவர் பெயர் ஒன்றுக்கொன்று பொருந்தாது. உண்மையில் அவர் பிரான்சின் பிரித்தானி மாகாணத்தில் உவெல்குவா ஊர் நோட்டரியின் மகன், உர்பேன்-பிரான்சுவா லு பிஹான். கெர்வோவாக் என்பது அவர்கள் குடும்பம் பிடித்துவைத்திருந்த நிலத்தின் பெயர். குடும்பப் பெயரைத் தேடியவர்கள் வெகுகாலம் வெறுங்கையோடு திரும்பினார்கள், ஏனென்றால் அது குடும்பப் பெயரே இல்லை.

கண்டுபிடித்ததைக் கணினியில் ஏற்றும்போது, பெயருக்கான இடத்தில் ஒரே வடிவத்தை எல்லாத் தலைமுறைக்கும் போடுங்கள் (பிஆர்டிஎச் தரும் நிலைப்பெயர் வசதி). ஆவணத்தில் இருந்தபடியான எழுத்தைக் குறிப்பில் தனியாக வையுங்கள். முன்னோரின் பெயரைத் 'திருத்தி' மூலத்தை அழித்துவிடாதீர்கள். பதிவேட்டின் ஓரத்தில் பி 23, எம் 4, எஸ் 11 என்று சிறியதாக இருக்கும்: ஞானஸ்நானம், திருமணம், அடக்கம், அந்த வருஷத்தில் எத்தனையாவது. பங்கு, வருஷம், அந்த எண் ஆகிய மூன்றையும் எழுதி வைத்தால், தளத்தின் முகவரியும் படத்தின் எண்ணும் மாறின பிறகும் அதே பக்கத்தை ஐந்து நிமிஷத்தில் திறந்துவிடலாம்.